மகளுக்குப் புழுவெட்டு. அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. அவளிடம் என்ன பேசுவது?

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர், கடலூர் | மே 26, இரவு 11:20

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

என் மகளுக்கு 14 வயது. அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது, வலது காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று ஓர் இடம் விரலில் தட்டுப்பட்டது. சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை, பொடுகு இல்லை. முடி மட்டும் இல்லை. நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு சத்தத்தை நினைத்து நினைத்து இன்றும் நோகிறேன்.

இப்போது நான்கு இடங்கள். உச்சியில் இரண்டு சேர்ந்து உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. தோல் டாக்டர் பார்த்துப் புழுவெட்டு என்றார், அலோபீசியா ஏரியேட்டா என்று சீட்டில் எழுதினார். களிம்பு கொடுத்திருக்கிறார், ஊசி ஒரு சுற்று போட்டாயிற்று. வைத்தியம் நடக்கிறது. நான் கேட்க வந்தது வேறு.

பிள்ளை குளியலறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளிக்கிறாள். வீட்டுக்குள்ளேயே துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு திரிகிறாள். சித்தி மகள் கல்யாணத்துக்கு வயிற்று வலி என்று வரவில்லை. காலையில் நான் எழுவதற்குள் அவள் அறையை அவளே பெருக்கிவிடுகிறாள். முன்பெல்லாம் துடைப்பத்தைத் தொடாத பிள்ளை. போன வாரம் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். கிராஃப் தாளில் மடித்து, மடித்து, உதிர்ந்த முடியைச் சுருட்டி வைத்திருந்தாள். குப்பைக்கூடையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று.

அவள் அப்பா "முடிதானே, வளரும் விடு" என்கிறார். மாமியார் திருவந்திபுரத்துக்கு மொட்டை நேர்ந்திருக்கிறார், பிள்ளைக்குத்தான். சின்னவனுக்கு 9 வயது, அவனுக்கு எதுவும் சொல்லவில்லை. எனக்கு வாயைத் திறந்தாலே அழுகை வருகிறது. பள்ளி திறக்கும் நாளில் இவளை எப்படி அனுப்புவது? யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

---

முந்திரிக்காடு | பண்ருட்டி | மே 27, காலை 6:05

சகோதரி, கவலைப்படாதீர்கள். எங்கள் பக்கம் புழுவெட்டுக்கு ஊமத்தை இலைச் சாறு தடவுவார்கள். சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தாலும் முளைக்கும். பூண்டும் நல்லது. என் மாமனாருக்கு மீசையில் விழுந்த இடம் வெங்காயத்தில்தான் சரியானது.

---

நெல்லிக்குப்பம் தாய் | மே 27, காலை 9:40

மேலே எழுதிய அண்ணனுக்கு நல்ல மனசு, ஆனால் தயவுசெய்து பூண்டு வேண்டாம். நான் செய்த தப்பு இது. என் மகனுக்கு 11 வயதில் வந்தபோது பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று பூண்டை அரைத்து ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தேன். காலையில் அவிழ்த்தால் தீப்பட்ட மாதிரி கொப்புளம். அவன் அழவில்லை, "இப்ப முளைக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டான். புண் ஆற மூன்று வாரம் ஆனது. அதற்கப்புறம் ஆறு மாதம் என்னைத் தலையைத் தொடவே விடவில்லை.

ஊமத்தை இன்னும் மோசம், அது விஷச்செடி. சாறு கண்ணில் பட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கிப்போகும்.

---

வெள்ளைச் சீருடை | கோரிமேடு, புதுச்சேரி | மே 27, மதியம் 2:15

கெடிலக்கரை அக்கா, நான் செவிலியர். தோல் பிரிவில் சில வருடம் இருந்தேன். உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, ஆகையால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

பெயர்தான் புழுவெட்டு. புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள் மயிர்க்காலை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகின்றன. மயிர்க்கால் சாவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. வருடங்கள் கழித்தும் முடி திரும்புவது அதனால்தான். தொட்டால் ஒட்டாது, ஒரே சீப்பில் வாரினாலும் ஒட்டாது. இதை வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகச் சின்னவனுக்கும் சொல்லிவிடுங்கள். நூறு பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது. அவள் பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் படித்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படிப்பு டென்ஷனால் வந்தது, செல்போன் பார்த்ததால் வந்தது, சாப்பிடாததால் வந்தது என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்துங்கள். டென்ஷன் என்றால் என்னவென்றே தெரியாத இரண்டு வயதுக் குழந்தைக்கும் இது வருகிறது. பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு "நான் என்னமோ செஞ்சுட்டேன்" என்று உள்ளே வைத்துக்கொள்கிறார்கள்.

சின்ன வட்டங்களோடு நிற்பவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடுகிறது. முதலில் பூனை முடி போல வெள்ளையாக வரும், அப்புறம் கறுக்கும். ஆனால் திரும்பவும் விழலாம். "சீக்கிரம் சரியாகிவிடும்" என்று தேதி போட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். தேதி தவறினால் பிள்ளை உங்களை நம்பாது. ஊசியும் அப்படித்தான். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை, குட்டிக் குட்டிக் குத்தாகப் பல இடத்தில் போடுவார்கள். வலிக்கும். வலிக்காது என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். முன்கூட்டியே கேட்டால் மரத்துப்போகும் களிம்பு தடவிவிட்டுப் போடுவார்கள்.

தைராய்டு பார்த்தார்களா என்று கேளுங்கள், சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும். பரவலாக விழுந்தவர்களுக்குப் புதிய வகை மாத்திரைகள் வந்திருக்கின்றன. பாரிசிட்டினிப்புக்கு 2022இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. ரிட்லெசிட்டினிப்புக்கு 2023இல் 12 வயது முதல் அனுமதி. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் என்பதால் முதலில் காசநோய்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்துதான் தொடங்குவார்கள். உங்கள் மகளுக்கு அது தேவையா என்று தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது கருத்து கேட்க ஜிப்மர் தோல் பிரிவுக்கு வரலாம். காலையில் சீக்கிரம் வந்து சீட்டு போட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒன்று. முடி கொட்டுவதெல்லாம் புழுவெட்டு இல்லை. டெங்கு, டைபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டினால் அது பெரும்பாலும் தானே நிற்கும். செதில், சீழ், அரிப்போடு விழுந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அது ஒட்டும், அதற்கு மாத்திரை வேண்டும். நுனி உடைந்து ஒழுங்கில்லாமல் இருந்தால் பிள்ளை தானே பிடுங்கிக்கொள்வதாக இருக்கலாம். திட்டாதீர்கள், அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான். இழுத்துக் கட்டும் இரட்டைப் பின்னலால் நெற்றி ஓரம் வழுக்கையானால் சீக்கிரமே பின்னலைத் தளர்த்திவிடுங்கள்.

தூக்கம், சாப்பாடு, பேச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். "இருந்து என்ன பயன்" என்ற மாதிரி ஒரு சொல் வந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம், பிள்ளைக்கு மட்டும் இல்லை.

---

லாஸ்பேட்டை 24 | புதுச்சேரி | மே 27, இரவு 10:50

அக்கா, கிராஃப் தாளைப் பற்றிப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் பழைய சாக்ஸுக்குள் ஒளித்து வைப்பேன்.

எனக்கு இப்போது 24. பதின்மூன்று வயதில் ஆரம்பித்து ஐந்து மாதத்தில் தலை முழுக்கப் போனது, அப்புறம் புருவம், கண் இமை. இமை முடி இல்லாவிட்டால் வியர்வை நேரே கண்ணுக்குள் இறங்கும், பீச் ரோடு காற்றில் தூசி நேரே வந்து அடிக்கும். அழுகிறேன் என்று எல்லாரும் நினைப்பார்கள், பாதி நேரம் அது தூசிதான். நடுவில் இரண்டு தடவை முளைத்தது, இரண்டு தடவையும் விழுந்தது. இப்போது இல்லை. வேலைக்குப் போகிறேன், ஸ்கூட்டி ஓட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பேரம் பேசுகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வகுப்பில் கேலி செய்தார்கள், ஒருத்தி விக்கைப் பிடித்து இழுத்தாள். அதெல்லாம் வலித்தது. ஆனால் நான் முடியை ஒளித்தது அவர்களிடமிருந்து இல்லை. அம்மாவிடமிருந்து.

காலையில் நான் எழுந்து வந்தால் அம்மாவின் கண் முகத்துக்கு வராது, முதலில் தலைக்குப் போகும். ஒரு நொடிதான். நேற்றைவிடப் பெரிதாகியிருக்கிறதா என்று அளந்துவிட்டு அப்புறம்தான் "காபி வேணுமா" என்று கேட்பாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் துப்பட்டா சுற்ற ஆரம்பித்தேன். அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது, போன வருடம்தான் சொன்னேன்.

அப்புறம் அம்மா பூ வைப்பதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை மல்லிகை இல்லாமல் இருக்கமாட்டாள், திடீரென்று நிறுத்தினாள். எனக்காகத்தான், மகள் பார்த்து ஏங்கக்கூடாது என்று. ஆனால் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என் தலையால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. விழுப்புரத்திலிருந்து அத்தை வந்தபோதுதான் அது உடைந்தது. ஒரு முழம் பூ வாங்கி வந்து, பாதியை அம்மா தலையில் வைத்தாள், மீதியை என் ஸ்கார்ஃபில் ஊக்கு போட்டுக் குத்திவிட்டாள். ஒன்றுமே பேசவில்லை. "வா, தோசைக்குச் சட்னி அரை" என்றாள். எனக்கு யாராவது ஆறுதல் சொன்னது ஒன்றும் ஞாபகம் இல்லை, அந்த ஊக்கு ஞாபகம் இருக்கிறது.

"முடிதானே" என்று அவள் அப்பா சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் தைரியத்துக்காகச் சொல்கிறார், தெரியும். ஆனால் பிள்ளைக்குக் கேட்பது "இதுக்கெல்லாமா அழுவ" என்பதுதான்.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். பேசாதீர்கள், கேளுங்கள். யார் யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது? பள்ளிக்கு என்ன போட்டுக்கொண்டு போக வேண்டும்? விசாரிக்கிற சொந்தக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது, நீயா நானா? இவற்றை அவள் முடிவு செய்யட்டும். அவள் உடம்பில் நடப்பது எதுவும் அவளைக் கேட்டு நடக்கவில்லை. இதையாவது கேட்டு நடக்கட்டும்.

---

கெடிலக்கரை | மே 28, மாலை 5:30

லாஸ்பேட்டை கண்ணம்மா, இன்று முழுக்க என் கண்ணை நானே கவனித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதியது அப்படியே உண்மை. காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை தலைக்குத்தான் போனது. ஒரு தடவை அவள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுக்கிற மாதிரி துப்பட்டாவை இழுத்துவிட்டாள். இரண்டு மாதமாக இது நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி அவரிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து "நான் பயந்துதான் அப்படிச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

---

வில்லியனூர் அப்பா | மே 28, இரவு 9:15

ஆண்பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். என் மகனுக்கு 13 வயதில் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் "பொண்ணா இருந்தா கஷ்டம், பையன்தானே" என்றார்கள். நானும் அதையே சொன்னேன். பையன் அதைக் கேட்டு அழுவதற்கு உரிமை இல்லாதவன் மாதிரி ஆகிவிட்டான். வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. கால்பந்து உயிர் அவனுக்கு, தொப்பி கழன்றுவிடும் என்று விளையாடுவதையே விட்டான்.

நான் செய்த தவறு, பணத்தால் இதை முடித்துவிடலாம் என்று நினைத்தது. ஒரு தனியார் முடி கிளினிக்கில் பேக்கேஜ் என்று 45,000 ரூபாய் கட்டினேன். முடி நடுவதாகக் கூடச் சொன்னார்கள். பிறகுதான் வேறு டாக்டர் சொன்னார், நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது நட்டால் நட்டதும் விழும் என்று. பணம் போனது பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் அவனை நிற்க வைத்து "முன்", "பின்" என்று போட்டோ எடுப்பார்கள். அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

திருப்பம் சின்ன விஷயத்தில் வந்தது. 2002 உலகக்கோப்பை இறுதிப் போட்டி, பிரேசில் ஜெர்மனி ஆட்டம், பழைய வீடியோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவர் கொலீனா. தலையில் ஒரு முடி இல்லை, புருவம் இல்லை. அவருக்கும் இதே நோய்தான், 24 வயதில் மொத்தமும் போனது. உலகமே பார்க்கிற மைதானத்தில் ரொனால்டோவுக்கு விசில் ஊதுகிறார். மகன் வீடியோவை நிறுத்தி அவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அடுத்த வாரம் பூட்ஸைத் தேடினான். எல்லாப் பிள்ளைக்கும் இது வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். என் மகனுக்குச் செய்தது.

---

கணக்கு டீச்சர் | மஞ்சக்குப்பம் | மே 29, காலை 7:00

அக்கா, பள்ளி விஷயத்துக்கு நான் சொல்கிறேன். திறக்கும் நாளன்று போகாதீர்கள், கூட்டத்தில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். இரண்டு நாள் முன்பே தலைமை ஆசிரியரையும் வகுப்பாசிரியரையும் பாருங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன நோய், ஒட்டாது, தலையை மூடிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். மூன்று வரி போதும். பி.டி. வகுப்பு ஆசிரியருக்கும் பிரதி கொடுங்கள். சீருடை பார்ப்பது பெரும்பாலும் அவர்தான், "தலையில் என்ன துணி, அவிழ்" என்று மைதானத்தில் வைத்துக் கேட்டுவிட்டால் பிள்ளை அன்றோடு நின்றுவிடும். அப்படி ஒரு பிள்ளை நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி பெஞ்ச் கேட்டால் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பார்க்கும் கண்கள்தான் அவர்களுக்குப் பயம்.

பத்தாம் வகுப்பு என்பதால் ஒன்று. பொதுத்தேர்வுக்குப் போட்டோ எடுப்பார்கள், ஹால் டிக்கெட்டில் அது வரும். தேர்வறையில் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இது பெரியவர்களுக்குச் சாதாரணம், அவளுக்கு இப்போதே தூக்கம் கெடுக்கும் விஷயமாக இருக்கலாம். எந்தத் தோற்றத்தில் எடுப்பது என்று அவளிடம் கேட்டுவிட்டுப் பள்ளியில் முன்பே பேசிவையுங்கள்.

---

முதலியார்பேட்டை தம்பி | மே 29, இரவு 8:20

சின்னவனுக்கு எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு 19 வயது. என் அக்காவுக்கு வந்தபோது எனக்குப் பதினொன்று. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த அறையில் அழுகைச் சத்தம் கேட்கும், நான் போனால் நின்றுவிடும். அக்கா செத்துப்போகப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் வருமா என்று ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்ப்பேன். அந்த வருடம் என் பிறந்தநாளை வீட்டில் யாரும் நினைக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. கோபம் எல்லாம் இல்லை ஆன்ட்டி. அவனிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

---

வெள்ளைச் சீருடை | மே 29, இரவு 9:05

தம்பி, உனக்கு அன்றைக்கு யாரும் சொல்லாததை இன்று சொல்கிறேன். இது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் உடன்பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை.

---

திண்ணைப் பாட்டி | திருவந்திபுரம் | மே 30, காலை 10:30

என் பேத்தி டைப் அடிக்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

அம்மா கெடிலக்கரை, எங்கள் ஊருக்கு மொட்டை நேர்ந்திருப்பதாகப் படித்தாள். நானே தேவநாத சுவாமிக்கு மூன்று தடவை முடி இறக்கியவள். இங்கே ஔஷதகிரி மலையடியில் தினம் எத்தனையோ தலைகள் மழிக்கிறார்கள், யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. மொட்டை கேவலம் இல்லை. ஆனால் பால்குடி மாறாத பிள்ளைக்குப் பெற்றவள் நேரலாம். 14 வயசுப் பெண்ணின் தலையை அவளைக் கேட்காமல் பாட்டி எப்படி நேர்வது? அது அவள் பொருள். உன் மாமியாரிடம் சொல், நேர்ந்தவள் தன் முடியைக் கொடுத்தாலும் பெருமாள் வாங்கிக்கொள்வார். இல்லை, மூன்று விரற்கடை பூமுடி கொடுத்தாலும் போதும். அவர் மறுக்கமாட்டார்.

---

லாஸ்பேட்டை 24 | மே 30, மதியம் 1:10

பாட்டி சொன்னதில் ஒரு பாதிக்குக் கைகூப்புகிறேன். மறுபாதிக்கு மாறுபடுகிறேன், மன்னிக்க வேண்டும். மற்றவர்கள் எனக்காக எதையாவது துறந்தால் எனக்கு அது பாரமாகத்தான் இருந்தது, பூ விஷயத்தில் சொன்னேனே. பாட்டி மொட்டை போட்டு வந்தால் பிள்ளை இன்னொரு தலைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

---

திண்ணைப் பாட்டி | மே 30, மதியம் 3:45

உனக்காகத் துறக்கிறேன் என்றால் பாரம்தான் கண்ணு. சாமிக்கு நான் பட்ட கடனை நான் தீர்த்தால் அது என் கணக்கு. பிள்ளை மேல் எழுதக்கூடாது. நீ சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

---

அரியாங்குப்பம் கத்தரி | மே 30, இரவு 10:00

22 வருடமாக சலூன் வைத்திருக்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளைகளைக் கூட்டமான ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து வராதீர்கள். வாரநாள் மதியம், இல்லை கடை சாத்தும் நேரம். போனில் முன்பே சொல்லிவிட்டால் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். கண்ணாடியைப் பார்த்து உட்காரணுமா, சுவரைப் பார்த்தா என்று பிள்ளையிடமே கேட்பேன். பெரும்பாலும் சுவர் என்பார்கள். பாதி வெட்டியதும் தாங்களே நாற்காலியைத் திருப்புவார்கள்.

வட்டம் இருக்கும் தலையில் பிளேடு வேண்டாம், மெஷின் போதும். நீள முடி இருந்தால் வட்டம் பளிச்சென்று தெரியும், குட்டையாக இருந்தால் அவ்வளவு தெரியாது. பெண் பிள்ளைகளுக்கு என் மனைவி வீட்டுக்கே போய் வெட்டிவிடுவாள். வெட்டிய முடியைக் கீழே விட்டு மிதிக்காதீர்கள், ஒரு துணி விரித்து அதில் விழச் செய்யுங்கள். வேண்டுமென்றால் பிள்ளை எடுத்து வைத்துக்கொள்ளட்டும். நிறைய பேர் கேட்கிறார்கள்.

---

கெடிலக்கரை | ஆகஸ்ட் 11, இரவு 10:15

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

நல்லதும் கெட்டதும் கலந்துதான். காதுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூனை முடி வந்திருக்கிறது. அதே வாரம் பிடரியில் புதிதாக ஒரு வட்டம். மூன்று சுற்று ஊசி முடிந்தது. வலிக்கும் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன், என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் நோட்டில் எழுதி என் தலையணை அருகே வைத்திருந்தாள். மூன்று தோழிகளுக்குத் தெரியலாம், பெயர் போட்டிருந்தாள். மாமா வீட்டுக்குத் தெரியக்கூடாது. பள்ளிக்கு நீல நிற ஸ்கார்ஃப். சொந்தக்காரர் கேட்டால் அம்மா பதில் சொல்ல வேண்டும், அதுவும் அவள் எதிரில் இல்லாமல். கடைசியில் ஒரு வரி: "நீ என் தலைகாணியைப் பார்க்கக்கூடாது."

பார்ப்பதில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது, கை தானாகப் போகிறது.

பள்ளியில் கடிதம் கொடுத்தோம். டீச்சர் சொன்னது போல பி.டி. ஆசிரியருக்கும் கொடுத்தது நல்லதாகப் போயிற்று, முதல் நாளே வாசலில் நின்றது அவர்தான். போட்டோ ஸ்கார்ஃபோடு எடுப்பதா இல்லாமலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, நேரம் இருக்கிறது. சலூன் அண்ணனின் மனைவி வீட்டுக்கு வந்து முடியைக் குட்டையாக வெட்டிவிட்டுப் போனார்கள். வெட்டியதில் ஒரு பின்னலைத் துணியில் சுற்றி அவளே பீரோவில் வைத்திருக்கிறாள். அவர் பேருந்துக் காசுக்கு மேல் வாங்கவில்லை.

சின்னவனிடம் சொன்னோம். "அப்ப அக்கா சாகமாட்டாளா?" என்று கேட்டான். முதலியார்பேட்டைத் தம்பி, உன்னை நினைத்துக்கொண்டேன்.

மாமியார் ஆடி மாதம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திருவந்திபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். லாஸ்பேட்டைப் பெண் சொன்னதுதான் நடந்தது. என் மகளுக்குக் கோபம். "யாரு கேட்டா? இப்ப தெருவே உன்னையும் பார்க்கும், என்னையும் பார்க்கும்" என்று கத்தினாள். மாமியார் சந்தனம் பூசின தலையோடு உட்கார்ந்து முறுக்குமாவு பிசைந்துகொண்டிருந்தார். "உனக்காக இல்லடி. எனக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு. நீ போய் எள்ளை எடுத்துட்டு வா" என்றார். ஒரு வாரம் பேசவில்லை இரண்டு பேரும். இப்போது மாமியாருக்கு முள்ளு முள்ளாக முளைத்திருக்கிறது. ராத்திரி டிவி பார்க்கும்போது என் மகள் அந்தத் தலையில் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். தனக்கு முளைத்த இடத்தையும் தேய்த்துப் பார்க்கிறாள்.

குளியலறை விளக்கு இன்னும் அணைந்துதான் இருக்கிறது.

அப்புறம், இந்த இழை முழுவதையும் அவள் படித்துவிட்டாள். என் போனில்தான். அவளுக்கு லாஸ்பேட்டை அக்காவிடம் ஒரு கேள்வி இருக்கிறதாம், என்னை அடிக்கச் சொல்கிறாள்: "அக்கா, விக் போட்டுக்கொண்டு சில்வர் பீச்சில் சைக்கிள் ஓட்டினால் காற்றில் பறந்துவிடுமா?"

---

லாஸ்பேட்டை 24 | ஆகஸ்ட் 11, இரவு 10:40

தங்கச்சி, நேரே முன்னால் அடிக்கிற காற்றுக்குப் பறக்காது. பின்னாலிருந்து அடித்தால்தான் தூக்கும். உள்ளே போட ஒரு பட்டை கிடைக்கும், வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், அதை நெற்றியைச் சுற்றிப் போட்டு அதன்மேல் விக்கை வை. காது ஓரம் இரண்டு பக்கமும் இரட்டைப் பக்க டேப் ஒட்டு, தலைக்கு என்றே விற்கிற டேப், ஸ்டேஷனரிக் கடையில் விற்பது இல்லை, தோல் உரிந்துவிடும். முதல் விக் விலை குறைந்த செயற்கை முடியாகவே வாங்கு, பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம் நல்லதற்குப் போகலாம். அதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு மட்டும் போகாதே, நுனி பொசுங்கிவிடும்.

கடலூர் வெயிலில் உள்ளே வேர்க்கும். மெல்லிய பருத்தித் தொப்பி இரண்டு வைத்துக்கொள், ஒன்று தலையில், ஒன்று பையில்.

சைக்கிளுக்கு முதல் தடவை சாயங்காலம் ஐந்தரைக்குப் போ, அந்நேரம் காற்று கடலிலிருந்து வரும். தேவனாம்பட்டினம் பக்கம் போகும்போது முகத்தில்தான் அடிக்கும். திரும்பி வரும்போது ஒரு கையால் பிடித்துக்கொள்.